பேச்சிக்கும் முத்துமாரிக்கும் நடுவே பத்துப் புள்ளி

எங்கள் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை நான்தான் எழுத வேண்டும் என்று மூன்று தடவை போன் வந்துவிட்டது. வந்த கதை ஒன்றும் பெரிசில்லை. அம்பாசிடர் காரின் பின்சீட்டில், இரண்டு தலையணைக்கு நடுவே, புது மாப்பிள்ளை மாதிரி மதுரையிலிருந்து வந்து இறங்கியது. சந்தனம் வைத்தார்கள். முடிந்தது.

எனக்கு எழுதத் தோன்றுவது வேறு. திரையில் ஒரு பெயருக்கும் அதற்குக் கீழே இருந்த பெயருக்கும் நடுவே நான் விடாமல் போன இடத்தைப் பற்றி. விரலால் காட்டினால் அரை விரல் அகலம்கூட வராது. ஆனால் இன்றைக்கும் அது என்னை ஒரு இடத்தில் உட்கார விடுவதில்லை. ரயில் நிலையத்து டிக்கெட் மெஷின் முன்னால் நின்றால், ஊர்ப் பெயரைத் தொடுவதற்கு முன்னால் பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவே ஆள்காட்டி விரலைப் பதித்துப் பார்க்கிறேன். பின்னால் நிற்பவர், "பெரியவரே, மெஷின் நல்லாத்தான் இருக்கு, அமுக்குங்க" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். எண்பதுகளின் நடுவில் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீசியன் சர்ட்டிபிகேட்டோடு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். தினம் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். முதல் நாலைந்து வருஷம் மெஷின்களை ஓட்டி நிறுத்தும் பேனல் போர்டு வேலைதான். பச்சைப் பொத்தானுக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை வைக்கிற இடம் விட வேண்டும் என்பதை அப்போதே கற்றுக்கொண்டேன். பதற்றத்தில் ஓடி வருகிறவன் விரலால் அமுக்க மாட்டான், கையால் அடிப்பான்.

சேர்ந்த இரண்டாம் வருஷம் டைம் ஆபீசுக்கு ஒரு டோக்கன் பலகை செய்து கொடுத்தேன். வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் நம்பர் அடித்த பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். கொக்கி காலியாக இருந்தால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். அந்தப் பலகைக்குக் கொக்கி அடிக்கும்போது டைம் கீப்பர் காதர் பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொக்கிக்கும் கொக்கிக்கும் மூணு வெரல் விடுப்பா. ஏழு மணிக்கு அம்புட்டுப் பேரும் ஒண்ணா வந்து விழுவாக. நெருக்கி அடிச்சேன்னா மாப்பிள டோக்கன மச்சான் கொக்கில மாட்டிட்டுப் போயிருவான். பொறவு நான்தான் பஞ்சாயத்து பண்ணணும்."

மூன்று விரல் விட்டேன். காதர் பாய் சொல்வதை எல்லாம் நான் ஒரு டைரியில் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. இதையும் குறித்தேன். குறித்ததோடு சரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது, கரண்ட் சம்பந்தப்பட்டது எதுவானாலும் எலெக்ட்ரீசியன் தலையில் என்ற கணக்கில் அதுவும் என்னிடம் வந்தது. ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கம், அகராதி ஒரு பக்கம் வைத்துக்கொண்டு நானாகவே படித்தேன். இரண்டு வருஷத்தில் சின்னச் சின்ன புரோகிராம் எழுதினேன். அப்புறம் விண்டோஸும் மௌசும் வந்தன. திரையில் பொத்தான்களை எடுத்து வைத்துப் படிவம் வரைகிற மென்பொருள் வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரும்புத் தகடு வெட்டாமல், ஓட்டை போடாமல், உட்கார்ந்த இடத்தில் பேனல் செய்யலாம் என்றால் எலெக்ட்ரீசியனுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் மேனேஜரை எல்லாரும் ராஜா சார் என்போம். ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், கோபம் வந்தால் ஒன்றுமே இல்லை, மௌனம்தான். சட்டைப் பையில் பேனா இருக்காது. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். எதைப் பற்றிப் பேசினாலும் அதை எடுத்து வைத்துப் பார்ப்பார். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்களுக்கு நடுவே உள்ள பாதையில் யாராவது கூடையை வைத்திருந்தால் குனிந்து அளப்பார். "இந்தப் பாத நடக்குறவளுக்குப் போட்டதுய்யா, கூடைக்கு இல்ல" என்பார். அவ்வளவுதான் திட்டு. ஆனால் அடுத்த நாள் கூடை அங்கே இருக்காது.

அவர் ஒரு நாள் கூப்பிட்டு, டைம் ஆபீசுக்கு வருகைப் பதிவுத் திரை செய்யச் சொன்னார். ரிங் பிரேம் பகுதியில் ஒரு ஷிப்டுக்கு நாற்பது பெண்கள். நாற்பது பேரும் ஒரே திரையில் தெரிய வேண்டும், பக்கம் புரட்டுகிற வேலை கூடாது என்றார்.

அன்றைய திரைக்கு உயரம் நானூற்றெண்பது புள்ளி. ஒரு திரை என்பது புள்ளிகளால் ஆன பலகை, அவ்வளவுதான். மேலே தலைப்புக்கு நாற்பது, கீழே 'முடிந்தது' பொத்தானுக்கு நாற்பது போனால் மிச்சம் நானூறு. பெயர்களை இரண்டு வரிசையாகப் பிரித்தால் வரிசைக்கு இருபது. ஒரு பெயருக்கு இருபது புள்ளி உயரம். இருபது இருபது நானூறு. வகுத்ததும் மிச்சமில்லாமல் சரியாக வந்தது பாருங்கள், அதுதான் என்னைக் கெடுத்தது. ஒவ்வொரு பெயரும் ஒரு பொத்தான். தலையோடு கால், காலோடு தலை. நடுவே ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாரும் வந்ததாகவே திரை எடுத்துக்கொள்ளும். வராதவர் பெயரை மட்டும் ஒரு அமுக்கு அமுக்கினால் பக்கத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி விழும்.

ராஜா சார் வந்து பார்த்தார். கண்ணாடி மேல் ஸ்கேலை வைத்தார். "ஒரு இஞ்சுகூட வீணாக்கல. பாக உந்தி" என்றார். தெலுங்கில் நன்றாயிருக்கிறது என்று அவர் சொன்னால் அது பெரிய பட்டம். ஒரு வாரம் அந்தப் பட்டத்தோடு திரிந்தேன். காதர் பாய் மட்டும், "எல்லாரும் தீப்பெட்டிக் குச்சி மாதிரி நெருக்கிப் படுத்திருக்காகளே கணேசா, மூச்சு முட்டாதா?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஐந்தாறு மாதம் போயிற்று. மில்லில் நிரந்தரம் ஆகாத பதிலித் தொழிலாளர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னார்கள். பதிலி என்றால் என்றைக்கு வேண்டுமானாலும் 'நாளைக்கு வராதே' என்று சொல்லிவிடலாம். நிரந்தரம் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஒரு சொல்லுக்காக ஏழெட்டு வருஷம் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். மூன்று மாத வருகையைப் பார்த்து, ஐந்து நாளுக்கு மேல் வராதவர்கள் பெயரை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பட்டியலைக் கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுத்தது. எனக்கு அதில் பெருமை வேறு.

பட்டியல் ஒட்டிய மறுநாள் காலை டைம் ஆபீஸ் ஜன்னலில் முத்துமாரி வந்து நின்றாள். நானும் உள்ளே இருந்தேன். மம்சாபுரத்துப் பெண். முப்பது வயசு இருக்கும். ஆறு வருஷமாகப் பதிலி. சத்தம் போடவில்லை. "எம் பேரு ஏன் இல்லண்ணே?" என்று மட்டும் கேட்டாள். காதர் பாய் அச்செடுத்த தாளைப் பார்த்து, ஒன்பது நாள் வரவில்லை என்று இருக்கிறதம்மா என்றார்.

"ஒம்பதா? ஒரு நாளு வரல. எந்தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தாக, அன்னைக்கி வரல. அத எங்கணக்குலயே வச்சுக்கோங்க. மிச்சம் எட்டு நாளு நான் எங்க போனேன்?"

வாரக் கூலியை மேஸ்திரியின் சீட்டைப் பார்த்துத்தான் போட்டார்கள். அதில் எத்தனை நாள் என்பது இருக்கும், எந்த நாள் என்பது இருக்காது. வாரம் முடிந்தால் சீட்டும் குப்பைக்குப் போய்விடும். அதனால் கூலி சரியாகவே வந்தது, அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் அவளை எட்டு நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

தேதிகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள். காதர் பாய் வாசித்தார். ஆண்டாள் தேர் அன்றைக்கு என்று வந்ததும் அவள் கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது.

"தேரன்னைக்கா? அன்னைக்கி நான் ரெண்டு பக்கமும்லா ஓடுனேன்" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நான் வற்புறுத்திக் கேட்டதும் ஜன்னலுக்குள் குனிந்து தணிந்த குரலில் சொன்னாள்: "அண்ணே, நீங்க வாசிச்ச எட்டு நாளும் பேச்சியக்கா வராத நாளு. அவுக பக்கத்தையும் சேத்து நான்தான் பாத்தேன். அதான் எனக்கு நெனப்பிருக்கு. ஆனா அவுக பேர இழுத்துராதிய. அவுக வீட்டுக்காரரு மதுர ஆஸ்பத்திரில கெடக்காரு."

பேச்சியம்மாள் நிரந்தரத் தொழிலாளி. ஒரே பாதையில் இந்தப் பக்கத்து மெஷின் பேச்சிக்கு, அந்தப் பக்கத்து மெஷின் முத்துமாரிக்கு. திரையிலும் பேச்சிக்கு நேர் கீழே முத்துமாரி.

கம்ப்யூட்டரில் பேச்சியின் பெயரைப் பார்த்தேன். அந்த எட்டு நாளும் வந்ததாக இருந்தது. அவள் லீவு எடுத்த மற்ற சில நாளில் மட்டும் குறி அவள் பெயரிலேயே விழுந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காதர் பாய்க்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். டோக்கன் பலகையைப் பார்ப்பார். காலிக் கொக்கியின் நம்பரைப் படிப்பார். திரையில் அந்தப் பெயரைத் தேடி அம்பைக் கொண்டுபோவார். அமுக்குவார். அமுக்கும்போதே கண் பலகைக்குப் போய்விடும். இதில் தப்பில்லை. ஆனால் அம்பை அவர் பெயருக்கு மேல் வைக்கவில்லை. பெயருக்கு அடியில், அந்தப் பொத்தானின் கீழ் விளிம்பில் வைத்தார்.

ஏன் பாய் இப்படி என்று கேட்டேன்.

"பேர மறைக்கக் கூடாதுல்லப்பா. முப்பது வருசமா மஸ்டர் நோட்டுல பேருக்குக் கீழ ஸ்கேல வச்சுத்தான் குறி போட்டேன். பேரு மேல கைய வச்சா யாரு பேருன்னு எப்பிடித் தெரியும்?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். நான் பொத்தானின் நடுவில் அமுக்குவார்கள் என்று நினைத்துத் திரை செய்தேன். அவர் கோட்டின் மேல் எழுதுகிற மனுஷன்.

அப்படியும் விளிம்புக்குள்தானே வைக்கிறார், ஏன் கீழே விழுகிறது? மௌசைத் திருப்பிக் கழற்றினேன். அந்தக் காலத்து மௌசுக்குள் ஒரு ரப்பர் குண்டு, அதை ஒட்டி இரண்டு சின்ன உருளைகள். குண்டு உருண்டால் உருளை சுற்றும், அம்பு நகரும். மேலும் கீழும் நகர்த்துகிற உருளையில் பஞ்சு, விளக்குத் திரி மாதிரி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. நூற்பாலையில் பஞ்சுத் தூசி போகாத இடம் ஏது? ஒரு பக்கமாகத் தடித்துச் சுற்றியிருந்ததால், அமுக்குகிற அழுத்தத்தில் அம்பு ஒரு துள்ளல் துள்ளிக் கீழே இறங்கியது.

காதர் பாய் அதில் ஒரு இழையை மட்டும் நகத்தால் உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்ம மில்லுல எலிகூட நூல் நூக்குது கணேசா. இதுக்கும் ஒரு டோக்கன் குடுத்திருவோம்" என்றார். சிரித்தவர் சட்டென்று முகம் வாடி, "அப்ப எங்கையாலதான் அந்தப் புள்ளைக்கிப் போயிருக்கு" என்றார்.

இல்லை பாய், என் கையால் என்றேன். பிறகு துள்ளலை அளந்து பார்த்தேன். அம்பு எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று காட்டுகிற சின்னப் புரோகிராம் ஒன்று எழுதி, பஞ்சை எடுக்காமலே பாயை நூறு தடவை அமுக்கச் சொன்னேன். பெரும்பாலும் ஆறு, ஏழு புள்ளி. எட்டைத் தாண்டவில்லை. பொத்தான்களுக்கு நடுவே பத்துப் புள்ளி வெறுமனே கிடந்திருந்தால், அந்த அமுக்கு வெற்றிடத்தில் விழுந்திருக்கும். யாருக்கும் குறி விழுந்திருக்காது. காலிக் கொக்கி எத்தனை, பெருக்கல் குறி எத்தனை என்று கடைசியில் எண்ணிப் பார்க்கிறவர் பாய், ஒன்று குறைகிறதே என்று திரும்பவும் அமுக்கியிருப்பார். நான் இடமே விடாததால் ஒவ்வொரு தப்பும் ஒரு ஆள் மேல் போய் விழுந்தது. எண்ணிக்கையும் சரியாக இருந்தது. கொக்கிக்குக் கொக்கி மூன்று விரல் விட்டவன் நான்தான் என்பதை நினைத்தபோது அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ராஜா சார் அறைக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பினேன். பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் அவர். திரையை மெச்சியவரும் அவர். கம்ப்யூட்டர் தப்பென்று சொன்னால் என்னை மறுபடி பேனல் போர்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. சொன்னேன். அவர் எழுந்து டைம் ஆபீசுக்கு நடந்தார். காதர் பாயின் ஸ்டூலில் அவரே உட்கார்ந்தார். பஞ்சு சுற்றிய அதே உருளையை மறுபடி பொருத்தச் சொன்னார். "பாய் எப்பிடி வைப்பாரோ அப்பிடியே வைக்கேன், நீ பேரச் சொல்லு" என்றார்.

ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். நாலு பெயர் சரியாக விழுந்தது. பேச்சியம்மாள் என்றேன். அமுக்கினார். முத்துமாரிக்குக் குறி விழுந்தது.

ராஜா சார் ஸ்கேலை எடுத்துக் கண்ணாடி மேல், இரண்டு பெயருக்கும் நடுவே வைத்தார். அளக்க ஒன்றும் இல்லை.

"மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவுல எடம் வேணும்னு அம்புட்டுச் சண்ட போடுறேன். இங்க நானே வேண்டாம்னு சொல்லிருக்கேனேய்யா" என்றார். பிறகு, "சரி. அந்த எட்டு நாளு இவ வந்தான்னு யாரு சொல்லுவா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். முத்துமாரி ஜன்னலுக்கு வெளியே இருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல, வேண்டாம் என்று ஆட்டினாள். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வேறு சாட்சி இல்லை. பேச்சியம்மாளைக் கேட்கலாம் சார் என்றேன்.

நானே போய்க் கூப்பிட்டேன். ரிங் பிரேம் இரைச்சலில் பேசினால் கேட்காது. கையால்தான் காட்ட வேண்டும். புருவத்தில் பஞ்சோடு டைம் ஆபீசில் வந்து நின்றாள் பேச்சி. அந்த எட்டு நாளும் தான் வந்ததாகப் பதிவாகியிருப்பது அவளுக்குத் தெரியாது. ராஜா சார் தேதியைச் சொல்லிக் கேட்டார். அவள் முத்துமாரியைப் பார்த்தாள். முத்துமாரி தரையைப் பார்த்தாள். வந்தேன் என்று பேச்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கம்ப்யூட்டரும் அதைத்தான் சொன்னது.

"வரலய்யா" என்றாள். "எட்டு நாளும் நான் வரல. லீவு தீந்துபோச்சு, சொல்லாமத்தான் நின்னேன். எம் பக்கத்தையும் இவதான் பாத்தா."

எழுதிக் கையெழுத்தும் போட்டாள். முத்துமாரியின் பெயர் பட்டியலில் ஏறியது. அன்றே இன்னொரு தாளும் டைப் ஆனது. சொல்லாமல் எட்டு நாள் வராததற்குப் பேச்சிக்கு மெமோ. நான் ராஜா சாரிடம் போய் வாதாடினேன். "ஒரு வரியத் திருத்துனா மேல் வரியையும் திருத்தணும்லய்யா. ஒண்ண மட்டும் எப்பிடித் திருத்துவ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தப்பு நான் செய்தது, மெமோ அவளுக்கு.

திரையைப் புதிதாகச் செய்தேன். முன்னால் ஒவ்வொரு பொத்தானையும் கையால் இழுத்து வைத்திருந்தேன். இந்த முறை 'இடைவெளி' என்று ஒரே ஒரு எண்ணை மேலே எழுதி, பத்து என்று கொடுத்து, எல்லாப் பெயரும் அந்த எண்ணைப் பார்த்தே தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்படி செய்தேன். நாளைக்கு அதிகமாகத் துள்ளுகிற மௌஸ் வந்தால் அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும். நாற்பது பேர் ஒரு திரையில் அடங்கவில்லை. இருபது இருபதாக இரண்டு பக்கம். குறி விழுந்தால் பெயர் முழுக்கச் சிவப்பாகும்படியும் வைத்தேன். ராஜா சார் வந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பக்கம் புரட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நிரந்தர உத்தரவு வாங்க வந்தபோது முத்துமாரி திரையைப் பார்க்க வேண்டும் என்றாள். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இம்புட்டு எடமாண்ணே?" என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரிங் பிரேம் பகுதியில் ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் ஆளை அனுப்பாமல் நானே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். மேலே நின்று அந்தப் பாதையைப் பார்ப்பேன். பேச்சி இந்தப் பக்கம் திரும்பி நிற்பாள், முத்துமாரி அந்தப் பக்கம். முதுகோடு முதுகு. முன்பெல்லாம் இரைச்சலுக்குள்ளும் இருவரும் உதட்டை அசைத்துச் சதா பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது பேசுகிறார்களா என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஒன்றாக ஏறுகிறார்களா என்று கேட் வரைக்கும் போய்ப் பார்த்தேன். வெவ்வேறு பஸ். காதர் பாய், "ஏலே, நீ எலெக்ட்ரீசியனா, பொண்ணு வீட்டுத் தரகனா? அதுக பாடு அதுக பாத்துக்கிடும்" என்றார். எனக்கு அடங்கவில்லை. இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் ஏணி மேல் நிற்கும்போது பேச்சியின் மெஷினில் வரிசையாக இழை அறுந்தது. ஒன்றை ஒட்டுவதற்குள் அடுத்தது. அவள் இந்த முனையில் இருந்தாள், அறுந்தது நடுவிலும் அந்த முனையிலும். முத்துமாரி எப்படிக் கண்டாளோ, திரும்பி, பாதையைக் குறுக்கே கடந்து வந்து, பேச்சியின் பக்கத்தில் நின்று ஒட்ட ஆரம்பித்தாள்.

பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. உதடும் அசையவில்லை. கை பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டே, ஒரு எட்டு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

நான் கழற்றிய பல்பையே திரும்ப மாட்டிவிட்டு இறங்கினேன்.